இரண்டு செயலிகளுக்கு ஒரு பலகை

என் தகப்பனார் எங்களுக்கு விட்டுச் சென்றவற்றில், திருவூடல் தெருவிலுள்ள பழைய ஓட்டு வீட்டுக்கு அடுத்தபடியாக நான் பெரிதாக மதிப்பது, கூடத்து மரப்பெட்டியில் வசம்பும் வேப்பிலையும் இட்டு அவர் பாதுகாத்து வைத்திருந்த புத்தகங்களைத்தான். எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணத்தின் பழைய பதிப்புகள், சைவ சித்தாந்தச் சிற்றுரைகள், கார்த்திகைத் தீபத்துக்கு வந்து கூடும் ஜனங்களுக்கென்றே அச்சிட்டு அணாக் கணக்கில் விற்ற பதிகச் சிறுநூல்கள் என்று சுமார் 300 புத்தகங்கள் அதில் இருக்கின்றன. பக்கக் கணக்கில் 40,000க்குக் குறையாது. மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே நாளாவட்டத்தில் பழுத்துப் பொடியாகிவிடும் சுபாவமுடையதாதலால், புரட்டும்போதே ஓரம் உதிரும் அந்தப் பக்கங்களை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மூன்று வருஷங்களாக ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வந்தேன்.

படம் பிடித்ததோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது; ஒரு பாட்டு எந்தெந்த நூலில் எந்தெந்தப் பாடபேதத்தோடு வந்திருக்கிறது என்று ஒப்பிட முடியாது. படத்தை எழுத்தாக மாற்றினால்தான் அது மறுபடியும் நூலாகிறது. இதற்கு நான் நம்பியிருப்பது டெசராக்ட் என்னும் எழுத்துணரி மென்பொருள். 1980களில் ஹியூலெட் பாக்கர்டு நிறுவனத்தில் பிறந்து, 2005இல் யாவர்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்ட அது தமிழையும் படிக்கும். ஆனால் 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சேறிய நூல்களில் ணா, றா, னா முதலியவையும், ணை, லை, ளை, னை முதலியவையும் இன்றைய உருவத்தில் இல்லை; இக்காலத்து எழுத்துகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அந்த வடிவங்களின் முன் தடுமாறுகிறது. ஆகையால் அதற்குப் பழைய எழுத்தைச் சிறிது சிறிதாகப் பயிற்றுவிக்கவேண்டும். பயிற்றுவித்தபின் எல்லாப் பக்கங்களையும் மறுபடி படிக்கச் செய்யவேண்டும். பிழைகளைக் கண்டு இன்னொரு முறை பயிற்றுவிக்கவேண்டும்.

கோணலை நிமிர்த்தி, கறையைப் போக்கி, இரண்டு விதமாகப் படித்துப் பார்த்து முடிக்க, ஒரு பக்கத்துக்கு என் பழைய கணினியின் ஒரு கோர், அதாவது செயலி (பிராசசர்) என்னும் சில்லுக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதி, ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொண்டது. 40,000 பக்கங்களுக்கு 1,000 மணி நேரம். அந்தக் கணினியில் இருந்தவை இரண்டே கோர்கள். இராப்பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் ஒரு சுற்றுக்கு மூன்று வாரம். எனக்கு வேண்டியவையோ பல சுற்றுகள். புதிதாக ஒரு கணினி கட்டிக்கொள்வதென்று தீர்மானித்தது அப்போதுதான்.

கேட்கவேண்டிய முதற் கேள்வி

சென்னையில் மென்பொருள் துறையில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "சித்தப்பா, பேசாம ரெண்டு பிராசசர் போடற மதர்போர்டா வாங்கிடுங்க. செர்வர்லேருந்து கழிச்ச சாமான் ரிச்சி ஸ்ட்ரீட்ல நிறைய வருது. உங்க வேலைக்கு அதுதான் சரி" என்றான். 'உங்க வேலைக்கு' என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றிக்கொண்டு சில நாட்கள் யோசித்தேன். யோசித்ததன் பயனாக எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இதுதான்: மதர்போர்டு வாங்கப் போகிறவன் முதலில் ஆராயவேண்டியது கடையில் என்ன இருக்கிறதென்பதை அன்று, தன் வேலை பங்கிடக்கூடியதா, பங்கிட முடியாததா என்பதையே.

வயலில் நாற்று நடுவதற்குப் பத்துப் பேர் வந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஒருவர் நட்ட வரிசைக்கும் மற்றொருவர் நட்ட வரிசைக்கும் சம்பந்தமில்லை. பால் தயிராவதற்கு எத்தனை பேர் சுற்றி உட்கார்ந்தாலும் ஓர் இரவு ஆகத்தான் ஆகும். கணினியின் வேலைகளிலும் இவ்விரண்டு ஜாதியும் உண்டு. கடிதம் எழுதுவது, இணையத்தில் படிப்பது, பெரும்பாலான விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு ஒரு கோர் எவ்வளவு விரைவாக ஓடுகிறதென்பதே முக்கியம். இரண்டாவது செயலி பெரும்பாலும் சும்மாவே இருக்கும். என் புத்தகப் பக்கங்களோ நாற்று நடவைப் போன்றவை. பத்தாம் பக்கத்தைப் படிப்பவருக்குப் பதினோராம் பக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியவேண்டியதில்லை.

ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இல் இதைக் கணக்காகவே வகுத்துவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒன்பது பங்கு பிரிக்கக்கூடியது, ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொண்டால், 28 கோர்களைக் கொண்டுவந்து சேர்த்தாலும் வேகம் ஏழரை மடங்குதான் கூடும். ஆயிரமாயிரம் கோர்களைச் சேர்த்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது. பிரிக்க முடியாத அந்த ஒரு பங்கே கடைசியில் எஜமானாகிவிடுகிறது. பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன், இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

தரமணியில் ஒரு மலை

இரண்டு செயலிகளைப் பூட்டும் மதர்போர்டுப் பலகையின் அருமையை நான் உணர்ந்தது, நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய காரியத்தைப் பற்றிப் படித்தபோது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004ஆம் வருஷத்தில் ஒரு கணினித் தொகுதியை அமைத்தார்கள். சிக்கிம் எல்லையிலுள்ள இமயமலைச் சிகரமொன்றின் பெயரால் அதற்குக் 'கப்ரு' என்று நாமகரணம் செய்தார்கள். மலையையே தெய்வமாக வணங்கும் ஊரில் வாழும் எனக்கு, கணக்குப் போடும் யந்திரத்துக்கு மலையின் பெயரை இட்டிருப்பது மனத்துக்கு மிகவும் உகந்ததாயிருந்தது. அதில் இருந்தவை 144 கணினிகள். ஒவ்வொன்றிலும் ஒரே பலகையின்மேல் இரண்டு ஜியான் செயலிகள். ஆக 288 செயலிகள். அவ்வருஷம் ஜூன் மாதம் வெளியான, உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் அது இடம் பெற்றது.

அணுக்கருவின் உள்ளே உள்ள நுண்துகள்களைப் பற்றிய கணக்குகளுக்காக, வெளியையும் காலத்தையும் சிறு சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கூறையும் ஒவ்வொரு கணினியிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் அந்தக் கட்டங்கள் என் புத்தகப் பக்கங்களைப் போலத் தனித்தனியானவை அல்ல. ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டத்தின் நிலையை அடிக்கடி கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆகவே ஒவ்வொரு கணினியையும் முப்பரிமாண வலையாக அதன் அண்டைக் கணினிகளோடு இணைக்கும் விரைவான தனிப் பாதைகளையும் அமைத்தார்கள். செயலிகளின் எண்ணிக்கையைப் போலவே அவற்றுக்கு இடையிலுள்ள பாதையும் கவனிக்கத்தக்கதென்பதை நான் அங்கிருந்தே கற்றுக்கொண்டேன். வீட்டுக் கணினிக்கு வாங்கும் பலகைக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

வீட்டுக்கு வந்த கதை

வீட்டில் இரண்டு செயலி வைத்துக்கொள்ளும் ஆசை புதிதன்று. 1999இல் தைவானின் ஏபிட் நிறுவனம் பிபி6 என்னும் பலகையை வெளியிட்டு, மலிவான செலரான் செயலிகள் இரண்டை ஒருங்கே ஓட்டலாம் என்று காட்டியது. இன்டெல் நிறுவனம் அந்தச் செயலியை இரட்டையாக ஓட்டுவதற்கென்று விற்கவில்லை. விண்டோஸ் 98 இரண்டாவது செயலியை ஏறெடுத்தும் பாராது. லினக்ஸோ 1996இலேயே இரண்டையும் கையாளக் கற்றிருந்தது. பிறகு 2005இல் ஒரே சில்லில் இரண்டு கோர்கள் வந்தன. 2019இல் வீட்டுக் கணினிக்கான ஒரே செயலியில் 16 கோர்கள் வந்துவிட்டன. ஆகவே புதிதாகக் கணினி கட்டுகிற பெரும்பாலோருக்கு ஒற்றைச் செயலியே உத்தமம். மின்சாரம் குறைவு, வேகம் அதிகம், தொல்லை இல்லை. இதை நான் மனப்பூர்வமாகவே சொல்கிறேன்.

அப்படியானால் இரட்டைப் பலகைக்கு இன்று என்ன நியாயம்? பெரிய நிறுவனங்கள் சில வருஷங்களுக்கு ஒரு முறை தங்கள் செர்வர்களைக் கழிக்கும்போது, ஒரு காலத்தில் பெரும் விலை பெற்ற ஜியான் செயலிகள் சாமானியனின் கைக்கெட்டும் விலைக்கு வருகின்றன. வேலை நன்றாகப் பங்கிடக்கூடியதாகவும், பணம் அளவாகவும், நிறைய நினைவகம் வேண்டியும் இருந்தால், இரண்டு பழைய செயலிகள் பூட்டிய பலகை ஒரு நல்ல ஜோடி மாட்டைப் போல உழைக்கும். என் நிலைமை அதுவே.

பலகையில் பார்க்கவேண்டியவை

முதலில் செயலியின் பெயரைப் படிக்கப் பழகவேண்டும். ஜியான் இ5 வரிசையில் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம், ஒரு பலகையில் எத்தனை செயலிகள் வரை சேர்ந்து இயங்கும் என்பதைச் சொல்கிறது. 1600 வரிசை தனித்தே இயங்கும். 2600 வரிசை இரண்டாக இயங்கும். விலை குறைவென்று 1600 வரிசையில் இரண்டு வாங்கிவந்தால், அவற்றுக்கு ஒன்றோடொன்று பேசும் வழியே கிடையாது. 2012, 2013ஆம் வருஷங்களில் வந்த முதலிரண்டு தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 2011 சாக்கெட்டும் சி602 சிப்செட்டும். 2014, 2016இல் வந்த வி3, வி4 தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டும் சி612 சிப்செட்டும் உரியவை. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. நான் தேர்ந்தது இ5-2680 வி4. ஒவ்வொன்றிலும் 14 கோர்கள், ஆக 28. இரண்டு செயலிகளும் ஒரே எண்ணுடையவையாக இருத்தல் அவசியம். வி3 காலத்துப் பலகையானால், அதன் பயாஸ் வி4ஐ அறியும்படி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, நினைவகம். ஒவ்வொரு செயலிக்கும் நான்கு நினைவகப் பாதைகள் தனித்தனியே உண்டு. எல்லா ரேமையும் ஒரு பக்கத்திலேயே செருகிவிட்டால், மறுபக்கத்துச் செயலி ஒவ்வொரு முறையும் நடுப்பாதையைக் கடந்துபோய்க் கேட்டு வாங்கவேண்டும். கப்ருவின் பாடம் இங்கேதான் உதவுகிறது. ஆகையால் பக்கத்துக்கு நான்காக எட்டு ரேம் வாங்கினேன். ஒவ்வொன்றும் 8 ஜிபி, ஆக 64. இவை செர்வருக்குரிய ரெஜிஸ்டர்டு ஈசிசி வகை. தற்செயலாக நேரும் ஒற்றைப் பிட் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும். சாதாரண வீட்டுக் கணினியில் இவை வேலை செய்யா. மேலும், பலகையிலுள்ள கார்டு இடங்களில் சில இரண்டாவது செயலிக்குச் சொந்தமானவை. ஒரு செயலியை மட்டும் பூட்டி, மற்றதைப் பிறகு வாங்கலாமென்று எண்ணுகிறவர்கள், அதுவரை அந்த இடங்களும் அந்தப் பக்கத்து ரேம் இடங்களும் உயிரற்றே இருக்கும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

மூன்றாவது, அளவு. சாதாரண ஏடிஎக்ஸ் பலகை 12 அங்குலத்துக்கு 9.6 அங்குலம், இரட்டைப் பலகைகள் பெரும்பாலும் 12க்கு 13. கேபினெட்டை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு பலகையைத் தேடுவது, தாலியைச் செய்துகொண்டு பெண் தேடுவது போலாகும். ஒரே அளவுள்ள பலகைகளிலும் திருகு துளைகளின் இடம் வேறுபடுவதுண்டு. எஸ்எஸ்ஐ-ஈஈபி என்னும் முறைப்படி துளையிட்டதா என்று பார்க்கவேண்டும். செயலியின்மேல் ஹீட்சிங்க்கைப் பிணைக்கும் சட்டத்திலும் சதுரம், குறுகியது என்று இரண்டு விதம் உண்டு. ஒன்றுக்குரிய கூலர் மற்றொன்றில் உட்காராது. எஸ்எம்பிஎஸ்ஸில் செயலிக்கான எட்டு முள் இணைப்பு இரண்டு இருக்கவேண்டும். ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஒயரைப் போட்டுச் சமாளிக்கலாமென்று சொல்வார்கள். இரவு முழுதும் ஓடவேண்டிய யந்திரத்துக்கு அது தகாது.

நான்காவது, கண்ணால் பார்த்தல். இந்தச் சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் உரிய 2,011 மெல்லிய முட்கள் செயலியில் இல்லை, பலகையிலேயே இருக்கின்றன. நான் முதன்முதலில் வாங்கிவந்த பலகையில் இரண்டாவது சாக்கெட்டின் மூலையில் இரண்டு முட்கள் வளைந்திருந்தன. வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபின்தான் தெரிந்தது, விற்றவரோ திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அன்று இழந்த பணத்தைவிட, பார்க்காமல் வாங்கினேனே என்ற வருத்தமே எனக்கு அதிகமாக இருந்தது. இரண்டாம் முறை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனபோது பூதக்கண்ணாடியும் டார்ச்சும் கையோடு கொண்டுபோனேன். அந்தக் கடையிலிருந்த பையன் பொறுமையாக இரண்டு சாக்கெட்டையும் திறந்து காட்டி, "நல்லா பாருங்க சார், அவசரமில்ல. பாத்துட்டு ஓட்டியே காட்டறேன்" என்றான். எட்டு ரேமும் இரண்டு செயலியும் திரையில் தெரியும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

இந்த ஊரும் இந்த வீடும்

மலையடிவாரத்து ஊரில் பங்குனி தொடங்கிவிட்டால், பகலெல்லாம் வெயில் குடித்த பாறை பொழுது சாய்ந்தபின்னும் வெகு நேரம் அனலைத் திருப்பித் தருகிறது. ஒவ்வொன்றும் 120 வாட் வரை வெப்பம் உமிழும் இரண்டு செயலிகளை அத்தகைய வீட்டில் வைப்பதற்கு யோசனை வேண்டும். கூடத்தை விட்டு, வடக்குப் பார்த்த உள்ளறையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரையில்தான் ஓட்டுகிறேன். முழுச் சுமையில் 400 வாட் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் இரவொன்றுக்கு 4 யூனிட். பழைய வீடாகையால் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு முதலில் சோதித்துக்கொண்டேன். யுபிஎஸ்ஸும் சைன் வேவ் வகையாக வாங்கினேன். சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரோடு இக்காலத்து எஸ்எம்பிஎஸ்கள் சில ஒத்துப்போவதில்லை.

இயங்குதளத்துக்கு லினக்ஸையே கொண்டேன். விண்டோஸின் ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டைத்தான் ஏற்கும். இரண்டுக்குப் புரோ பதிப்பு வேண்டும். விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலிலோ வி4 தலைமுறையே இல்லை. இன்னொரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே நான்கு இழைகளை (த்ரெட்) எழுப்பும் வழக்கமுடையது. அப்படியே விட்டால் 28 கோர்களிலும் இழைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மெதுவாகிவிடும். ஒரு பக்கத்துக்கு ஓர் இழை என்று கட்டுப்படுத்தி, 28 பக்கங்களை ஒரே சமயத்தில் கொடுத்தால் வேலை ஆற்றொழுக்காக ஓடுகிறது.

பிரிக்க முடியாதென்று நான் நினைத்த பங்கு

மூன்று வாரமாகியிருக்கவேண்டிய ஒரு சுற்று ஐந்து இரவுகளில் முடிந்தது. ஐந்தாம் இரவு கழிந்த காலையில், 40,000 பக்கங்களும் எழுத்தாகி வரிசையாக நிற்பதைக் கண்டபோது, தகப்பனார் இருந்து பார்க்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றிற்று.

ஆனால் எழுத்தாகியவற்றை யாராவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கவேண்டும். யந்திரம் எவ்வளவு பயின்றாலும் 'றா'வை வேறொன்றாக மயங்கும் இடங்கள் இருந்தே தீரும். நான் நிதானமாக ஒரு பக்கம் திருத்தப் பத்து நிமிஷமாகிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும், கணக்கு நான்கரை வருஷத்தைத் தாண்டிப் போயிற்று. ஆம்டால் சொன்ன அந்தப் பிரிக்க முடியாத பங்கு என் கண்களே என்று அறிந்து, சில நாட்கள் மனம் தளர்ந்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் திண்ணையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "பக்கத்துக்குப் பக்கம் சம்பந்தமில்லேன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப படிக்கறதுக்கு மட்டும் எதுக்கு ஒரே ஆளு?" கடைக்குப் போகுமுன் கணினியின் வேலையைக் குறித்து நான் கேட்ட அதே கேள்வியை, என் வேலையைக் குறித்து நான் கேட்டுக்கொள்ளவேயில்லை.

இப்போது நாங்கள் ஐந்து பேர். என் மனைவி, அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஆளுக்கு நூறு பக்கங்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள்; அடுத்த ஞாயிறு திருத்தித் தருகிறார்கள். பழைய 'லை'யின் துதிக்கையை அந்தப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்தது என் தகப்பனாரின் பெட்டியில்தான். இன்று அவர்கள் அதைத் தயங்காமல் படிக்கிறார்கள். அவர்கள் திருத்திக் கொடுத்த பக்கங்களைக் கொண்டே யந்திரத்துக்கு அடுத்த பாடத்தை வைத்திருக்கிறேன். இன்றிரவு எட்டு மணிக்கு அடுத்த சுற்று தொடங்குகிறது.